கல்லை அங்கே வைத்தது யார்?

உத்தமபாளையம்

அன்புள்ள செல்விக்கு,

நீ போனில் அனுப்பிய மீன்தொட்டிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்திருக்கிறாய், தண்ணீர் தெளிவாக இருக்கிறது, கட்டையும் நல்ல கட்டை. ஆனாலும் "கடை ஷோகேஸ் மாதிரியே இருக்கு மாமா, ஆறு மாதிரி இல்ல" என்கிறாய். அதுதான் உண்மை, தாயி. நட்டநடுவில் ஒரு பெரிய கல். இடமும் வலமும் ஒரே உயரத்தில் ரெண்டு கல். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கிற சொந்தக்காரர்களைப் போல மூன்றும் நேராக நின்று நம்மையே பார்க்கின்றன. பின்னால் கட்டை செங்குத்தாக நிற்கிறது. அடியில் கடைக்காரர் கொடுத்த நீலமும் வெள்ளையும் கலந்த கல்.

இதில் எந்தப் பொருளும் குற்றமில்லை. அவை எப்படி அந்த இடத்துக்கு வந்தன என்பதற்குத்தான் காரணம் இல்லை. ஆற்றில் கிடக்கிற எந்தக் கல்லுக்கும் ஒரு காரணம் உண்டு. வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்திருக்கும், அல்லது கரை சரிந்து விழுந்திருக்கும், அல்லது அது மண்ணுக்குள் வேரோடிய பாறையின் தலையாக இருக்கும். மரக்கட்டைக்கும் அப்படித்தான். உன் தொட்டியைப் பார்க்கிறவனுக்கு ஒரு கைதான் தெரிகிறது, அது செல்வியின் கை. அந்தக் கையை மறைத்துத் தண்ணீரின் கையைக் காட்ட வேண்டும். இனி ஒவ்வொரு கல்லையும் வைக்கும்போது, "உன்னை இங்கே கொண்டுவந்து போட்டது யார்?" என்று அதைக் கேள். பதில் வராத கல்லை எடுத்துவிடு.

அப்படிக் கேட்க முதலில் தண்ணீர் எப்படி அடுக்குகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு நீ கூடவே அனுப்பிய ஜப்பான் தொட்டிப் படத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நான் இருக்கிற இடத்திலிருந்து நீ இருக்கிற மதுரை வரைக்கும் வருகிற ஆறே போதும்.

வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. பெரியாறு அணைத் தண்ணீர் 1895 முதல் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் முல்லையாற்றோடு சேர்ந்து இறங்கி வைகையில் கலக்கிறது. 1959-ல் கட்டி முடித்த வைகை அணையில் தேங்கிப் பிறகு உங்கள் பக்கம் வருகிறது. மலையில் பார்த்தால் ஆள் உயரப் பாறை. பள்ளத்தாக்கில் தலையளவு, தேங்காயளவு உருண்டைக் கல். இன்னும் கீழே கூழாங்கல். மதுரையில் பெரும்பாலும் மணல். ஏன்? சரிவு குறையக் குறையத் தண்ணீரின் வேகம் குறைகிறது, வேகம் குறையக் குறைய அது சுமக்க முடிந்ததும் குறைகிறது. கனமானதை முதலில் இறக்கி வைக்கிறது, லேசானதைக் கடைசி வரை கொண்டுபோகிறது. ஆக, ஓர் இடத்தில் கிடக்கிற கற்கள் பெரும்பாலும் ஓர் அளவுக் குடும்பமாக இருக்கும். முழங்கையளவுக் கல், கைப்பிடியளவுக் கல், விரல்நுனிக் கல், பிறகு பருமணல் என்று இறங்கும். நடுவில் எதையும் தாண்டாது. உன் தொட்டியில் மூன்று பெரிய கற்கள், அடுத்து நேராகப் பொடிக்கல். இடைப்பட்டது எதுவுமே இல்லை. அந்த விடுபட்ட அளவுகளைச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனி. அணை திறந்து தண்ணீர் போய் வடிந்த பிறகு ஆற்றில் இறங்கி, ஏ.வி. பாலத் தூண்களின் அடியைப் பார். தண்ணீர் வந்து மோதும் மேற்குப் பக்கத்திலும் இரு விலாவிலும் பள்ளம் விழுந்திருக்கும். தண்ணீர் விலகிப் போகும் கிழக்குப் பக்கத்தில் மணல் வாலாக நீண்டு மேடிட்டிருக்கும். கால் முட்டியளவு கல்லுக்கும் இதே கதைதான், சின்ன அளவில் நடக்கும். தொட்டியில் எந்தப் பக்கம் ஃபில்டர் தண்ணீரைத் துப்புகிறதோ அந்தப் பக்கத்தை மேற்கு என்று வைத்துக்கொள். பெரிய கல்லின் மேற்கில் மணலைக் கையால் கொஞ்சம் தோண்டிவிடு, கிழக்கில் வாலாக நீட்டிவிடு, அந்த வாலில் சின்னக் கற்களைச் சிதறவிடு. பார்க்கிறவர்களுக்கு என்ன மாற்றம் என்று சொல்லத் தெரியாது. கல் ரொம்ப நாளாக அங்கேயே கிடப்பதாகத் தோன்றும், அவ்வளவுதான்.

தட்டைக் கல்லுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. ஓடையில் தட்டைக் கற்கள் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். தாழ்ந்த விளிம்பு தண்ணீர் வருகிற பக்கம் இருக்கும், உயர்ந்த விளிம்பு போகிற பக்கம் இருக்கும். மாற்றி வைத்தால் வெள்ளம் அடியில் புகுந்து புரட்டிவிடும், அதனால் புரளாத நிலையில் வந்து நின்றவை மட்டும் மிஞ்சுகின்றன. புவியியல் படித்தவர்கள் காய்ந்துபோன பழைய ஆற்றுப் படுகையில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடியது என்பதை இந்தச் சாய்வை வைத்தே சொல்லிவிடுவார்கள். உன் தொட்டியிலும் அதைச் சொல்ல முடிய வேண்டும்.

கட்டைக்கு வருவோம். வெள்ளத்தில் வேரோடு வந்த மரம் தரைதட்டும்போது, கனமான வேர்க்கட்டு முதலில் மாட்டிக்கொள்ளும். அடிமரமும் கிளையும் தண்ணீர் போகிற திசையில் திரும்பும். ஆக வேர் மேற்கே, நுனி கிழக்கே. இதற்கு மாறாக, கரையில் உயிரோடு நிற்கிற நீர்மருதின் வேர் என்றால் அது மேலிருந்து இறங்கும். தொட்டியின் மேல் மூலையில் தொடங்கி, தண்ணீர் மட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, மணலில் புதையும். இரண்டும் சரி. நட்ட கம்பமாக நடுவில் நிற்பது மட்டும் சரியில்லை.

இனி நீ ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எல்லா இடமும் ஒரு தொட்டிக்குள் வராது. மதுரையைச் சுற்றி எனக்கு மூன்று தெரிகிறது. சிறுமலை அடிவாரத்துக் குட்லாடம்பட்டி ஓடை: பாறை, உருண்டைக் கல், இடுக்கில் சருகு, வேகமான தண்ணீர். இரண்டாவது கண்மாய்: தண்ணீருக்குள்ளேயே நிற்கிற நாட்டுக் கருவேல மரம், மூழ்கிய கிளை, வண்டல், கொட்டியும் வேலம்பாசியும், அசையாத தண்ணீர், அங்கே கல்லுக்கே இடமில்லை. மூன்றாவது வைகைக் கரை: மணல், மேலிருந்து இறங்கும் வேர், ஒதுங்கிய சருகு, அங்கங்கே சில கற்கள்.

என்னைக் கேட்டால் உன் இரண்டடித் தொட்டிக்கு மூன்றாவதுதான். ஓடை அமைக்க நிறையக் கல் வேண்டும். உன் தொட்டியின் ஓரடி அகலத்தில் அது குவாரிக் குவியலாகத்தான் தெரியும். தவிர, வைகைக் கரை என்றால் அயிரை விடலாம். மதுரைக்காரிக்கு அயிரையைக் குழம்பில் தெரியும். அது மணலில் உடலைப் புதைத்து, கண்ணும் மீசையும் மட்டும் வெளியே தெரியப் படுத்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள் குறைவு. ஆட்டுக்கறியை விட விலை கூடுதலாக விற்கிற மீன் என்பதால் என் அக்கா உன் தொட்டியை வேறு கண்ணோடு பார்ப்பாள், அதையும் சொல்லிவைக்கிறேன். 1846-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் இந்த மீனை முதலில் விவரித்தார். அதற்கு எடுத்துக்கொண்ட மாதிரி, இலங்கையில் திருகோணமலை பக்கத்துக் கன்னியா வெந்நீர் ஊற்றில் பிடித்தது. ஆகவே சித்திரை வெயிலுக்கு அது அவ்வளவாக அஞ்சாது. ஹீட்டர் விற்க வருகிறவரைத் திருப்பி அனுப்பு.

நீ அனுப்பிய ஜப்பான் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது தகாஷி அமானோ தொடங்கி வைத்த பாணி. 1954-ல் நீகாட்டாவில் பிறந்தவர், முதலில் சைக்கிள் பந்தய வீரர், பிறகு காடுகளைப் படமெடுக்கும் புகைப்படக்காரர். 1982-ல் மீன்தொட்டிப் பொருள்களுக்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார். வெறும் கல்லும் புல்லும் வைத்து ஒரு மலைநாட்டையே காட்டுகிற முறை அவரால் உலகமெங்கும் பரவியது. கடைசியாக 2015-ல் லிஸ்பன் மீன்காட்சிச் சாலையில் 40 மீட்டர் நீளத் தொட்டி ஒன்றை அமைத்தார். அதற்கு அசோர்ஸ் தீவுகளின் எரிமலைக் கல் வந்தது. அந்த வருஷமே இறந்துபோனார். அவருடைய படங்களைப் பார்த்துவிட்டுத்தான் இன்று நம் ஊர்க் கடைகளிலும் கட்டையும் கல்லும் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர் வைத்த கல் இல்லை, பார்த்த விதம். அவர் பல வருஷம் கேமராவோடு காட்டில் நின்று பார்த்தார். பலர் அவருடைய தொட்டியைப் பார்த்துத் தொட்டி செய்கிறார்கள், அதனால்தான் எல்லாத் தொட்டியும் ஒன்றுபோல இருக்கின்றன.

சரி, கல் எங்கே எடுப்பது? எங்கே எடுக்கக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். சமணர் மலை, திருப்பரங்குன்றம், யானைமலை பக்கம் கையை வைக்காதே. அங்கே உள்ள குகைகளும் கல்வெட்டுகளும் பாதுகாக்கப்பட்டவை. அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், தமிழ்நாட்டிலேயே முதலாவது. சிறுமலை வனத்துறையின் காடு. வைகையில் மணல் அள்ளுவதும் சட்டப்படிக் குற்றம், ஒரு பை என்றாலும் அள்ளாதே. வலையங்குளம், பெருங்குடி பக்கம் மானாவாரிக் காடுகளில் உழும்போது கல்லைப் பொறுக்கி வரப்போரம் குவித்து வைத்திருப்பார்கள். காட்டுக்காரரிடம் கேட்டால் ரெண்டு கையாலும் அள்ளிக்கொடுப்பார், அவருக்கு அது தொல்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து விளிம்பு மழுங்கி, செம்மண் கறை ஏறின கல்லாக இருக்கும். புதிதாக உடைத்த ஜல்லியும் சிற்பக் கூடத்துச் சில்லும் எவ்வளவு கழுவினாலும் உளி பட்ட முகத்தை மறைக்காது, அவற்றை எடுக்காதே.

ஒரே இனக் கல்லாகப் பொறுக்கு. உங்கள் பக்கம் அதிகம் கிடைப்பது வரிவரியாக ஓடும் நைஸ் கல், வெளிர்சாம்பலும் இளஞ்சிவப்புமாக இருக்கும். மேற்கே மலைகளில் கருநீலச் சாயலில் இருப்பது சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல்லைப் பார்த்து அந்தப் பேரை வைத்தார்கள், அந்தக் கல்லோ சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். இந்த இரண்டும் தண்ணீரில் கரையாது, தைரியமாகப் போடலாம். இரண்டையும் சேர்த்துப் போடாதே. வெள்ளை வெங்கச்சங்கல்லும் மீனுக்குக் கெடுதலில்லை, ஆனால் தொட்டி விளக்கில் அது கண்ணைப் பறித்துக்கொண்டு மற்ற எதையும் பார்க்க விடாது. விரல்நுனியளவு ஒன்றிரண்டு மணலில் கிடந்தால் போதும்.

சந்தேகமான கல்லுக்கு ஒரு சோதனை. ஆணியால் மேலே கீறி, புதிதாகத் தெரிகிற இடத்தில் வினிகரை ரெண்டு சொட்டு விடு. சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. வயல்களில் கிடைக்கும் சுக்கான்கல் கண்டிப்பாக நுரைக்கும், பளிங்குத் துண்டும் நுரைக்கும். அது தண்ணீரில் மெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் காரத்தையும் ஏற்றிக்கொண்டே போகும். உங்கள் வீட்டு போர்த் தண்ணீரில் பக்கெட் விளிம்பெல்லாம் வெள்ளைப் பொருக்கு படிகிறது என்று அக்கா புலம்புவாள். அந்தத் தண்ணீருக்கு மேலும் சுண்ணாம்பு எதற்கு? இதில் எல்லோரும் ஏமாறுகிற கல் ஒன்று உண்டு. அடுக்களை அலமாரிக்குப் போடுகிற கடப்பாக்கல் பார்க்கக் கன்னங்கரேலென்று கிரானைட் சாயலில் இருக்கும். அது சுண்ணாம்புப் பாறைதான். கட்டையைத் திருகிப் பிடிக்க அடிப்பலகையாகப் பலர் அதைத்தான் போடுகிறார்கள். நீ டைல்ஸ் துண்டோ கிரானைட் துண்டோ போடு.

கல்லை அடுப்பில் வேகவைக்கிற வழக்கம் சிலரிடம் உண்டு. கூடாது. உள்ளே வெடிப்புகளில் தங்கிய ஈரம் ஆவியாகி, கல் தெறித்துவிடலாம். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, ரெண்டு மூன்று நாள் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றி, வெயிலில் காயவைத்தால் போதும். சோப்பு வேண்டவே வேண்டாம்.

கட்டைதான் வேகவைக்க வேண்டியது. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில் கொய்யா நல்லது. கவாத்து செய்த கிளை ஒன்றை மாதக்கணக்கில் வெயிலில் போட்டு, பட்டை தானாக உரிகிற வரை காயவிடு. நகத்தால் கீறும்போது பச்சை தெரிந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். பால் வடிகிற கள்ளி, எருக்கு, அரளி பக்கமே போகாதே, விஷம். வேம்பும் வேண்டாம். பூச்சியை விரட்டுகிற மரம் தண்ணீரில் உள்ள சின்ன உயிர்களை மட்டும் தாலாட்டாது. சீமைக்கருவேலத்தின் முறுக்கிய வேர் ஆசை காட்டும், ஆனால் முள்ளும் பிசினும் உள்ள மரம், விட்டுவிடு. ஊருக்குள் இருக்கிற கண்மாய்களில் சாக்கடை கலக்கிறது, அங்கே ஒதுங்கிய கட்டையையும் எடுக்காதே. கடையில் வாங்குவதென்றால் மோபானி, மலேசியன் டிரிஃப்ட்வுட் இரண்டும் கனமானவை, சீக்கிரம் மூழ்கும். ஸ்பைடர் வுட் என்று விற்பது லேசானது, பல நாள் மிதக்கும். ஆனால் கரையிலிருந்து இறங்குகிற வேரைக் காட்ட அதை விட்டால் வேறில்லை.

பழைய அண்டா ஒன்றில் கட்டையைப் போட்டு ஒரு மணி, ரெண்டு மணி நேரம் கொதிக்கவிடு. சமையல் அண்டாவில் வேண்டாம், அக்காவிடம் எனக்கும் சேர்த்துத் திட்டு வாங்கித் தராதே. தண்ணீர் டிக்காஷன் நிறமாகும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் மாற்று. அந்த நிறம் துவர்ப்புச் சத்து, மீனுக்குக் கெடுதல் இல்லை. காட்டோடைகளில் சருகு ஊறிய தண்ணீரும் இதே நிறம்தான். எனக்கு அது பிடிக்கும். உனக்குப் பிடிக்காவிட்டால் நிறம் மங்குகிற வரை ஊறவிடு.

இப்போது தொட்டிப் பக்கம் போகாமல் முற்றத்துக்குப் போ. கோலமாவால் இரண்டடிக்கு ஓரடி கட்டம் ஒன்று போடு. உள்ளே மணலைக் கொட்டிக் கல்லையும் கட்டையையும் அங்கே வைத்துப் பழகு. தொட்டிக்குள் கையை விட்டு மாற்றி மாற்றி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல், கண்ணாடியும் கீறாது. கட்டத்தின் ஒரு மூலையில் கரை. வேரின் தடித்த முனை அந்த மூலைக்கு மேலே இருக்கட்டும், விரல்கள் சாய்வாக முன்னே இறங்கட்டும். வேர் மணலைத் தொடுகிற இடத்தில் உன் பெரிய கல், ஏனென்றால் வேர்தான் அந்தக் கல்லைப் பிடித்து நிறுத்தியது. பார், காரணம் கிடைத்துவிட்டது. அந்த இடம் தொட்டியின் நடுவாக வேண்டாம். அறுபது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பக்கத்திலிருந்து இருபத்திரண்டு, இருபத்திமூன்று சென்டிமீட்டர் வாக்கில் வரட்டும். 1.618 என்கிற பொன் விகிதத்தில் பிரித்தால் வருகிற இடம் அது. விகிதத்தை ரொம்பப் பூஜிக்க வேண்டாம். நடுவை விட்டு விலகினால் கண்ணுக்கு ஓட இடம் கிடைக்கும், அதற்குத்தான். மறுபக்கம் மூன்றில் ஒரு பங்காவது வெறும் மணலாக விட்டுவிடு. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொள்.

பெரிய கல்லில் மூன்றில் ஒரு பங்கு மணலுக்குள் போகட்டும். மணல்மேல் முழுசாக உட்கார்ந்த கல் நேற்று வந்த கல். வரிகள் ஓடுகிற கல் என்றால், மண்ணிலிருந்து எழும் ஒரே பாறையின் பகுதிகளாக நீ காட்ட நினைக்கிறவற்றின் வரிகள் எல்லாம் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். உருண்டு வந்த கற்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உயரம் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள், வேர் மட்டும் தண்ணீருக்கு மேலே போகலாம். பெரியவை முன்னால், சின்னவை பின்னால் என்று வைத்தால் ஓரடி அகலம் இன்னும் ஆழமாகத் தெரியும். எல்லாம் வைத்ததும் போனில் ஒரு படம் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பார். நிறம் போனதும் எந்தக் கல் துருத்துகிறது என்று தெரிந்துவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

தொட்டிக்குள் வைக்கும்போது வரிசை முக்கியம். இரண்டுக்கு ஒன்றுக்கு ஓரடித் தொட்டி விளிம்பு வரை சுமார் ஐம்பத்தாறு லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே ஐம்பத்தாறு கிலோ, மணலும் கல்லும் கண்ணாடியும் தனி. ஆகவே மேசை ஆடக் கூடாது, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் விரி. உள்ளே முதலில் கல். அடிக்கண்ணாடியில் மெல்லிய பிளாஸ்டிக் வலை போட்டு அதன்மேல் பெரிய கல்லை உட்காரவை. ஆட்டிப் பார், அசைந்தால் வேறு முகத்தில் வை. பிறகு டைல்ஸ் துண்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகால் பிடித்த வேர். அதன் பிறகுதான் மணல். முதலில் மணலைப் பரப்பி அதன்மேல் கல்லை வைத்தால், அயிரை இரவெல்லாம் அடியில் குடைந்து ஒருநாள் கல்லைச் சாய்த்துவிடும். மீன் நசுங்கும், கண்ணாடியும் விரியும். கல்லின்மேல் கல் வைக்கிற இடத்தில் சந்தில் பஞ்சைத் திணித்து ஃபெவிக்விக் சொட்டினால் உடனே இறுகும். ஆனால் பஞ்சில் பட்டதும் அது சூடேறிப் புகையும். விரலைத் தள்ளி வை, முகத்தைத் திருப்பிக்கொள், ஜன்னலைத் திறந்து வை.

மணல் விஷயத்தில் எம்-சாண்ட் வேண்டாம். அது உடைத்த கல், முனை கூரானது, அயிரையின் மீசை தேய்ந்து புண்ணாகும். கடையில் மெல்லிய ஆற்றுமணல் என்று கேட்டு வாங்கு. முன்னால் ரெண்டு மூன்று சென்டிமீட்டர், வேர் இருக்கிற பின் மூலையில் ஏழெட்டு. அதற்கு மேல் குவித்தால் அடியில் காற்றுப் போகாமல் கறுத்து, கிளறும்போது அழுகின முட்டை நாற்றம் வரும். கண்ணாடி ஓரம் நாலு விரல் இடைவெளி விடு, துடைக்கிற ஸ்பாஞ்சு போய்வர வேண்டும். ஃபில்டரை வேருக்குப் பின்னால் மறை.

செடி அதிகம் வேண்டாம். வேரின் நிழலில் ஒன்றிரண்டு வாலிஸ்னேரியா, அதன் நுனி தண்ணீர் போகிற பக்கம் சாயும்படி. காய்ந்த நாட்டு வாதுமை இலை ரெண்டு மூன்று, வேரின் விரல்களில் தண்ணீர் வருகிற பக்கம் சிக்கியிருக்கட்டும்.

தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்று, மணல் கலையாது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்று. அதன் பிறகு மூன்றிலிருந்து ஆறு வாரம் ஃபில்டர் மட்டும் ஓடட்டும். தினம் மீன் தீனி ஒரு சிட்டிகை போடு. அது அழுகி அம்மோனியாவாகும், அதைத் தின்று நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா மணலிலும் கட்டையிலும் கல்லிலும் குடியேறும். கட்டையும் கல்லும் அலங்காரம் மட்டும் இல்லை என்பது இந்த வாரங்களில்தான் தெரியும். கட்டைமேல் வெள்ளையாகச் சளி படியும். பதறி எடுத்துக் கொதிக்க வைக்காதே. ரெண்டு மூன்று வாரத்தில் தானாகக் குறையும். கல்லில் பச்சைப் பாசி ஏறினால் விட்டுவிடு, முன்கண்ணாடியை மட்டும் துடை. அந்தப் பாசிதான் உன் கையை மறைக்கப்போகிற கடைசிப் பூச்சு.

பிறகு அயிரை ஐந்தாறு, மேல்தண்ணீரில் திரிய உள்ளூர்ச் சின்னக் கெண்டைகள் சில. "கட்டையைச் சுத்தமா வச்சுக்கும்" என்று சொல்லிக் கடையில் சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள், வாங்காதே. அது ஓரடிக்கு மேல் வளர்ந்து உன் கல்லையெல்லாம் இடித்துத் தள்ளும். இடம் பற்றாமல் கண்மாயில் கொண்டுபோய் விடுகிறவர்களால்தான் அந்தத் தென்னமெரிக்க மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பரவிக் கிடக்கிறது.

பொங்கலன்று உங்கள் ஊரில் வாடிவாசல் திறக்கிற கூட்டத்தில் என்னால் நிற்க முடியாது. அதற்கு முந்தின வாரம் வருகிறேன், காப்பித் தோட்டத்தில் பிடுங்கிப் போட்டு வருஷக்கணக்கில் காய்ந்த வேர்க்கட்டை ஒன்று வைத்திருக்கிறேன், அதையும் கொண்டுவருகிறேன். அதற்குள் நீல வெள்ளைக் கல்லை எல்லாம் அள்ளிவிட்டு, வரப்புக் கல்லை வினிகர் விட்டுப் பார்த்துப் பிரித்து வை. வேரின் தடித்த முனை ஒரு சாண் இருக்கும், அதற்குத் தகுந்த டைல்ஸ் துண்டும் துளை போடுகிற ஆளும் ஏற்பாடு செய். கோலமாவுக் கட்டத்தில் நீ வைத்துப் பார்த்த படங்களை இடையில் அனுப்பு, எந்தப் பக்கம் மேற்கு என்று நான் சொல்கிறேனா பார்ப்போம்.

அன்புடன்,
மாமா